குழாயில் படிந்த வெள்ளைப் பொருக்கு

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் வளர்ந்த எனக்கு உப்புத் தண்ணீர் பழக்கமே இல்லை. அதே மாவட்டத்தின் கடலோர ராஜாக்கமங்கலம் பக்கம் வீடு மாறியபின்தான் தெரிந்தது. சோப்பு நுரைக்காது, துணி விறைத்து நிற்கும், கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. ஆறே மாதத்தில் ஷவரில் பாதி துளை அடைத்துப்போனது.

பிளம்பர் புது ஷவர் மாட்டச் சொன்னார். மாட்டினால் அதுவும் அடைக்கும்தானே! போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 480 மில்லிகிராம். இந்தியத் தரப்படி 200 வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. அது மொத்த உப்பைத்தான் காட்டும். கால்சியம், மெக்னீசியத்தைப் பிரித்துச் சொல்லாது.

ஷவரைக் கழற்றி இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். பொருக்கு மாவாக உதிர்ந்தது. கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கொதிக்கவைத்தாலே போதும்.

குளியலறைக்குப் போகும் லைனில் மட்டும் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி, வைத்தேன். அதில் உள்ள ரெசின் என்னும் சிறு மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது கல்லுப்பு போட வேண்டும். மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதனால் அடுக்களைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சமையலுக்குப் பழைய கிணறுதான். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் அல்லவா, மொட்டைமாடி மழைநீரையும் வடிகட்டிக் கிணற்றுக்கே திருப்பியிருக்கிறேன். இப்போது பருப்பு சீக்கிரம் வேகிறது.