வன்னி வீட்டுக்குக் காபெட்: நூலைச் சோதித்து வாங்கும் முறை

எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் காபெட் போடவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட்டாயிற்று. கிரவல் வீதியோரம் இருந்துகொண்டு ஹோலுக்கோ அறைக்கோ விரிப்புத் தேடுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறம், டிசைன் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் வீட்டுச் சண்டை. நான் சொல்வது நூலைப் பற்றி. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. சோளகம் வீசும் மாதங்களில் யன்னலால் வரும் செம்புழுதி, ஐப்பசி தொடங்கித் தை வரை சுவரெல்லாம் ஊறும் மாரி, இடையில் சத்தமில்லாமல் ஏறும் கறையான்: இந்த மூன்றையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

படி 1: முதலில் நிலம்

ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை நிலத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு பின்னேரம் ஒட்டி மறுநாள் காலையில் கழற்றுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால், அல்லது சீமெந்து கறுத்திருந்தால், நிலத்துக்குள்ளிருந்து ஈரம் ஏறுகிறது. மாரியில் செய்தால்தான் உண்மை தெரியும். பங்குனியில் செய்து பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

ஈரம் ஏறுகிற நிலத்துக்கு ஒட்டும் காபெட் வேண்டவே வேண்டாம். சுருட்டி எடுக்கக்கூடியதையே பாருங்கள்.

படி 2: நூல் வகைகள், என் விருப்பு வெறுப்புடன்

பொலிப்புரொப்பிலீன். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். தண்ணீரை உறிஞ்சாது. நிறத்தை நூலாக இழுக்கும்போதே உருகலுக்குள் கலந்துவிடுவதால் தேத்தண்ணீர் கொட்டினாலும் கறை பிடிப்பது குறைவு. ஆனால் அமுங்கினால் நிமிராது. எண்ணெய்யை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 160 பாகை செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே உருகும். அலுமாரியை இழுத்து நகர்த்தினால் அந்த உரசல் சூடே ஒரு கோடு போட்டுவிடும். தூக்கி வையுங்கள்.

நைலோன். மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். உழைப்பில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் மஞ்சள் கறைக்கு இது நல்ல சாயத்துணி மாதிரி. சாப்பாட்டு மேசைக்குக் கீழே நைலோன் போட்டால் பருப்புக்கறி தன் பெயரை எழுதிவிட்டுப் போகும். காசு இருந்தால், ஆட்கள் வந்திருக்கும் ஹோலுக்கு மட்டும் வாங்குங்கள்.

பொலியெஸ்டர். மினுமினுப்பு, மென்மை, கறைக்கு ஈடுகொடுக்கும். நடக்கும் பாதையில் சீக்கிரம் படுத்துவிடும். படுக்கையறைக்குச் சரி.

கம்பளி. நல்ல பொருள்தான், எங்கள் காலநிலைக்கு அல்ல. தன் நிறையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் நனைந்த மாதிரித் தெரியாது. அந்துப்பூச்சியின் புழுவும் அரிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த யாராவது அன்பளிப்பாகத் தந்திருந்தால் சுவரில் மாட்டுங்கள்.

விஸ்கோஸ். "பட்டு மாதிரி" என்று விற்பது இதைத்தான். நனைந்தால் நூலின் பலம் பாதியாகக் குறையும், தண்ணீர் பட்ட இடம் மஞ்சளிக்கும். வாங்க வேண்டாம்.

தும்பு. வாசலுக்கு இதை வெல்ல வேறு எதுவும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் தென்னை உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் முரட்டுத் தும்புக் கால்மிதி, உள்ளே செயற்கை நூல் என்பதுதான் என் கணக்கு. கிரவல் மண்ணின் கூர்த் துகள்கள்தான் நூலின் அடியை அறுக்கின்றன. வாசலிலேயே உதிர்த்துவிட்டால் உள்ளே கிடப்பது இரண்டு மடங்கு உழைக்கும்.

படி 3: சொன்ன நூல்தானா என்று பார்த்தல்

இங்கேதான் நிறையப் பேர் தடக்குப்படுகிறார்கள். லேபிளில் "செயற்கை நூல்" என்று மட்டும் இருக்கும், அல்லது லேபிளே இருக்காது. கேட்டால் எல்லாமே நைலோன் என்பார்கள். அதனால் ஓரத்திலிருந்து நாலு நூல் கேட்டு வாங்கி வாருங்கள். தர மறுக்கும் கடையை விடுங்கள்.

தேவையானவை இரண்டு கிளாஸ், கல்லுப்பு, ஒரு சொட்டுச் சவர்க்காரத் திரவம், கத்தரிக்கோல்.

முதலாவது கிளாஸில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் உப்புத் தண்ணீர்: அடியில் கரையாத உப்பு தங்கும் வரைக்கும் போட்டுக் கலக்க வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 36 கிராம் பிடிக்கும், அதாவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு கரண்டி போட்டுவிட்டுச் சோதனை பிழை என்று சொல்லாதீர்கள். ஆனையிறவு உப்பென்றால் துணியில் வடித்துவிட்டுத் தெளிவான நீரை எடுங்கள். சுடுதண்ணீரில் கரைத்திருந்தால் ஆறவிட்ட பிறகு பாருங்கள்.

நூலின் அடிப்பகுதியை வெட்டி எறியுங்கள். இது முக்கியம். அடியில் ஒட்டியிருக்கும் இறப்பர்ப் பசைக்குள் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். அதோடு சேர்த்துப் போட்டால் மிதக்க வேண்டிய நூலும் தாழும். பிறகு முறுக்கை முழுதாகப் பிரித்து அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, விரலுக்கிடையில் நன்றாகக் கசக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் எந்த நூலும் மிதக்கும். மிதக்கிற எல்லாவற்றையும் ஒருமுறை கரண்டியால் அடி வரைக்கும் அமுக்கி விட்டுப் பாருங்கள். திரும்ப மேலே வந்தால்தான் மிதப்பு.

இனி முடிவு. வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் பொலிப்புரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.91. வெறும் தண்ணீரில் தாழ்ந்து உப்புத் தண்ணீரில் மிதந்தால் நைலோன். அதன் அடர்த்தி 1.14, நிரம்பிய உப்பு நீருடையது ஏறத்தாழ 1.2. இரண்டிலும் தாழ்ந்தால் பொலியெஸ்டர் (1.38), கம்பளி (1.31), அல்லது பருத்தி, விஸ்கோஸ் (1.5 அளவில்). அக்ரிலிக் நூலும் உப்பில் மிதக்கும், ஆனால் அது கம்பளி போலப் பொசுபொசுவென்று இருக்கும், கையிலேயே தெரியும்.

இரண்டிலும் தாழ்ந்தவற்றைப் பிரிக்க நெருப்பு வேண்டும். முற்றத்தில், காற்றில்லாத நேரம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீருடன், குறட்டால் பிடித்து ஒரு நூலை மட்டும் கொளுத்துங்கள். புகைக்கு மேலே மூக்கை நீட்ட வேண்டாம், கையால் விசிறிப் பார்த்தால் போதும். பொலியெஸ்டர் கறுத்த புகையோடு உருகிக் கட்டியாகும். கம்பளியில் மயிர் கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை நசித்தால் பொடியாகும். பருத்தியும் விஸ்கோஸும் கடதாசி போல எரிந்து சாம்பலாகும். உருகித் துளிக்கும் நூல் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

படி 4: திருப்பிப் போட்டுப் பாருங்கள்

மேலே பொலிப்புரொப்பிலீன், கீழே சணல் என்று நிறையக் காபெட்டுகள் வருகின்றன. பழுப்பு நிறச் சாக்கு மாதிரித் தெரிந்தால் சணல். கறையான் தேடுவது அதைத்தான். செயற்கை நூல் அதற்குச் சாப்பாடு அல்ல. சணலும் தும்பும் பருத்தியும் சாப்பாடு. ஈரம் ஏறும் நிலமும் சணல் அடியும் சேர்ந்தால் நீங்கள் விருந்து வைத்திருக்கிறீர்கள். அடியும் செயற்கையாக உள்ளதை எடுங்கள். எதை எடுத்தாலும் கிழமைக்கு ஒருமுறை மூலையைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

அப்படியே நிறையும். "இவ்வளவு பாரம், நல்ல காபெட்" என்பார்கள். நான் சொன்ன சுண்ணாம்புத் தூளும் அந்தப் பாரத்துக்குள் இருக்கிறது. காபெட்டை வெளிப்பக்கமாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடி பளிச்சென்று தெரிந்தால் நூல் ஐதாக இருக்கிறது.

படி 5: அளவு

இரண்டு பேர் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோகக்கூடிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள். நனைந்த பிறகு அதே இரண்டு பேர் கொடியில் போட வேண்டும் என்பதையும் நினையுங்கள். சுவர் தொட்டுச் சுவர் விரிப்பது எங்கள் புழுதிக்குச் சரிவராது.

நூல் உயரம் அரை அங்குலத்துக்குக் குறைவாக, நுனி வெட்டாமல் வளையமாக விட்டதாக, அல்லது நெசவு மட்டும் உள்ளதாகப் பாருங்கள். சடை நாய் மாதிரி நீள நூல் உள்ளவற்றில் விழுந்த மண் விழுந்ததுதான். தும்புத்தடியால் கூட்டினால் இன்னும் உள்ளே போகும். தூசு உறிஞ்சும் மெசின் இருந்தாலும் நான் நம்புவது தோல் சீவிய பூவரசந்தடியைத்தான். கொடியில் போட்டுப் பின்பக்கத்தில் அடியுங்கள், மண் நூல் வழியே வெளியே விழும். செம்மண் சேறு பட்டால் உடனே துடைக்காதீர்கள். காயவிட்டு, உதிர்த்து, பிறகுதான் தண்ணீர்.

கருத்துகளைப் பார்த்த பிறகு சேர்த்தவை

வெயில்: கழுவிய பொலிப்புரொப்பிலீன் விரிப்பை வேலியில் நாட்கணக்கில் விட்டு, நூல் பொடியாக உதிர்வதாக ஒருவர் எழுதியிருந்தார். சூரிய ஒளி இந்த நூலை முறிக்கும். நிழலில், காற்றில், பின்பக்கம் வெளியே தெரியக் காயவையுங்கள்.

நுளம்புத்திரி: தணல் விழுந்த இடத்தில் பொலிப்புரொப்பிலீன் உருகி இறுகிவிடும், திருத்த முடியாது. தட்டோடு நிலத்தில் வையுங்கள்.

தலை எண்ணெய்: மத்தியானம் காபெட்டில் படுப்பவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு மூலை மட்டும் கறுக்கும். சவர்க்காரத் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். படுக்க ஒரு பன்பாயை மேலே விரித்தால் இந்த வேலையே இல்லை.

வெளுப்பான்: கம்பளியில் ஒரு சொட்டும் வேண்டாம், நூலையே கரைத்துவிடும். நைலோனில் நிறம் போகும்.