கடிதம் கொடுத்த பின் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது: பாடசாலை மருத்துவப் பரிசோதனையை மதிப்பிடும் முறை

பாடசாலை மருத்துவப் பரிசோதனையை மதிப்பிட வருபவரிடம் முதலில் நீட்டப்படுவது, இத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம் என்ற கணக்குத்தான். இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 மாணவர்களையும், 200 பேருக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிப்பது வழக்கம் என்பதால், அந்தக் கணக்கை வகுப்பு இடாப்புடன் ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும். அன்று வராதவர்களின் பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வீட்டில் நின்றுவிடும் பிள்ளைக்கு, அப்படி நிற்பதற்கே ஒரு நோய் காரணமாக இருக்கலாம்.

பரிசோதனையை ஒரு நாளாவது அருகில் நின்று பாருங்கள். தராசு பூச்சியத்தில் நிற்கிறதா, சப்பாத்தைக் கழற்றி நிறுக்கிறார்களா, கண் அட்டை 6 மீற்றர் தூரத்தில் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறதா என்பவை சிறு விடயங்கள் அல்ல. ஒரு பாடசாலையில், வரிசையில் காத்து நின்ற பிள்ளைகள் முன்னவர் வாசித்த எழுத்துகளைக் கேட்டே மனனம் செய்து ஒப்புவித்ததைக் கண்டேன். அன்றைய பதிவேட்டில் பார்வைக் குறைபாடு ஒன்றுகூட இல்லை. ஆகவே, குறையில்லை என்று எழுதப்பட்டவர்களில் 20 பேரையாவது வேறொருவரைக் கொண்டு மீண்டும் பார்க்கச் செய்யுங்கள்.

உண்மையான மதிப்பீடு இதன் பிறகே தொடங்குகிறது. கிளினிக்குக்குக் கடிதம் பெற்றவர்கள் 18 பேர், அங்கே போனவர்கள் 11 பேர், கண்ணாடி கிடைத்தவர்கள் 6 பேர் என்று வைத்துக்கொள்வோம்: அந்த 18ஐ அடிப்படையாக வைத்தால் திட்டம் மூன்றிலொரு பிள்ளைக்கே பயன்பட்டிருக்கிறது, எத்தனை நூறு பேரைப் பார்த்திருந்தாலும் சரி. போகாத 7 பேரின் வீடுகளுக்குக் குடும்ப நல உத்தியோகத்தருடன் போய்க் காரணத்தைக் கேட்டு, தாய் சொன்னபடியே எழுதுங்கள். 2009இல் பாலம் திறந்த பின் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு வருவது எளிதாகிவிட்டது; தொலைவிலுள்ள வெருகலிலிருந்து வருபவருக்கோ அது ஒரு நாள் கூலியை இழக்கும் பயணம், மாரிகாலத்தில் வெள்ளம் வந்தால் அதுவும் நடக்காது. இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்; கிளினிக் நாளையும் இடத்தையும் மாற்றலாமா என்பதே அங்கு கேட்கவேண்டிய கேள்வி.

கிளினிக்கில் குறையில்லை என்று திருப்பப்பட்டவர்களையும் எண்ணுங்கள். அவர்கள் மிகுதியாக இருந்தால் அடுத்த முறை தாய்மார் வரமாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, முன்னறிவித்தல் இன்றி, அதே வகுப்புக்குப் போய், கண்ணாடி பிள்ளையின் முகத்தில் இருக்கிறதா, புத்தகப் பைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.