சேட்டை என்று அடிப்பதற்கு முன்: ஏடிஹெச்டி பிள்ளைக்கு உதவும் வழி

கணக்கு நோட்டை எடுத்து வரச் சொல்லி அறைக்குள் அனுப்பிய பிள்ளை, கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். எதற்காக வந்தோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். இது ஏடிஹெச்டி (ADHD) எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறாக இருக்கலாம். இதைத் திமிர் என்று எண்ணி அடிக்கக் கை ஓங்குவதற்கு முன், தனியாக ஒரு நோட்டைப் போட்டு எழுதத் தொடங்குங்கள் என்பதுதான் பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பன போதும். வகுப்பாசிரியரிடமும் இதையே கேட்டு வாங்குங்கள்.

ஏடிஹெச்டியை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்பதால் இந்தக் குறிப்புகளே மருத்துவருக்குக் கண்ணாக அமைகின்றன. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறைப்படி, அறிகுறிகள் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டு, வீடு, பள்ளி எனக் குறைந்தது இரண்டு இடங்களில் வெளிப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால் பார்வை, செவித்திறன், வாசிப்புச் சிரமம், சில வேளை ஆசிரியர் மீதான பயம் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். ஓடியாடாமல் அமைதியாக உட்கார்ந்து கனவு காணும் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. "நானும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று தகப்பனார் சொன்னால், அதை வெறும் சமாதானமாக விட்டுவிடாமல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இதில் பரம்பரையின் பங்கு பெரிது, வளர்ப்பு இதற்குக் காரணமன்று.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் சிகிச்சை, பெற்றோருக்குத் தரப்படும் பயிற்சியே. ஒரு நேரத்தில் ஒரே வேலையை, முகத்தைப் பார்த்துச் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பதும், செய்து முடித்த அந்த நொடியிலேயே பாராட்டுவதும், வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பதும் அதில் அடங்கும். பெரிய பிள்ளைகளுக்கும் இது தேவை. அவர்களுக்கு இதனுடன் மருந்தும் சேரலாம்.

மெத்தில்பெனிடேட் என்ற மருந்து, மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைன், நோர்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டைக் கூட்டிக் கவனம் நிலைக்க உதவுகிறது. அதன் சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். அட்டமாக்ஸெட்டின் என்ற மற்றொரு மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், நான்காம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. எந்த மருந்தானாலும் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்குவதும், அளவை நாமாகக் கூட்டிக் குறைப்பதும் ஆபத்து.

மருந்து தொடங்கிய பின்னும் நோட்டை மூடிவிடாதீர்கள். பசியும் தூக்கமும் குறையலாம்; உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்ப்பார். மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, காலை உணவை முதலில் வயிறாரக் கொடுத்த பின் மாத்திரை தரலாமா என்று அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.