நாயும் பூனையும் ஒரே வீட்டில்: பழக்கப்படுத்துவது எப்படி?

எங்கள் நாய் மணி இருந்த வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தேன். அறிமுகம் செய்வதாக நினைத்து, குட்டியைக் கையில் ஏந்தி மணியின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவன் ஆசையாகத்தான் முகர வந்தான். குட்டியோ என் கையில் விறுவிறுவென ஏறி, தோளிலிருந்து பாய்ந்து, அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டது. எனக்கு மூன்று நீளக் கீறல்கள். சாயங்காலம் வரை அது வெளியே வரவே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். அந்த முறைதான் கீழே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பயிற்சி நாய்க்கு. எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று சொல்வது பூனை.

படி 1: தனி அறை

பூனை புதிதாக வருகிறது என்றால், கதவு மூடக்கூடிய ஓர் அறையை அதற்கு ஒதுக்குங்கள். சாப்பாடு, தண்ணீர், மலம் கழிக்க மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான இடம், இவ்வளவு போதும். சாப்பாட்டையும் மணல் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பூனைக்குப் பிடிக்காது. வருவது நாய் என்றால் தனி அறை நாய்க்கு.

இரண்டுக்கும் தடுப்பூசி, பூச்சி மருந்தெல்லாம் முடிந்திருக்க வேண்டும். உண்ணி போக நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது கொடிய விஷம். நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்க்கு எதைப் போடுவதானாலும் வீட்டில் பூனை இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2: முதலில் வாசனை

இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்னால் முகரட்டும். ஒரு துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தேய்த்து, நாய் படுக்கும் இடத்தருகே போடுங்கள். நாய் முகர்ந்துவிட்டு அமைதியாக விலகினால் ஒரு தின்பண்டம். அதேபோல நாயின் வாசனையுள்ள துணி பூனையின் அறைக்கு. பூனை துணியைப் பார்த்தே சீறினால், துணியை இன்னும் தூரத்தில் வையுங்கள். நாயை நடைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் பூனையை வீடு முழுவதும் சுற்றிப் பார்க்க விடலாம்.

படி 3: கதவுக்கு இருபுறமும் சாப்பாடு

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. முதல் நாள் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த வேளைக்குத் தட்டை ஓர் அடி நகர்த்துங்கள். பூனை பாதியில் நிறுத்திவிட்டுக் கதவையே வெறித்தால், முந்தைய இடத்துக்கே திரும்புங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே இழுபறிதான்.

படி 4: நாய்க்கு "விடு" சொல்லிக்கொடுப்பது

என் அனுபவத்தில் பாதி வெற்றி இதில்தான். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. பயந்தால் ஓடுவது பூனையின் இயல்பு. இந்தச் சங்கிலியை அறுக்க ஒரு சொல் வேண்டும்.

பூனை இல்லாத அறையில் ஆரம்பியுங்கள். தின்பண்டத்தைக் கைக்குள் மூடி நாயின் முன்னால் நீட்டுங்கள். நக்கும், மூக்கால் முட்டும், காலால் பிறாண்டும். கையைத் திறக்காமல் சும்மா இருங்கள். ஏதோ ஒரு கணம் அலுத்துப்போய் மூக்கைப் பின்னுக்கு இழுக்கும். அந்தக் கணத்திலேயே பாராட்டி, மற்ற கையிலிருந்து வேறொன்றைக் கொடுங்கள். நீட்டியதுமே நாய் தானாக விலகத் தொடங்கியபிறகு "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். அடுத்து, தரையில் வைத்த தின்பண்டம். அதற்கும் அடுத்து, உருளும் பந்து. உருளும் பந்தை விடும் நாய், ஓடும் பூனையையும் விடக் கற்றுக்கொள்ளும்.

படி 5: முதல் பார்வை

நாயை நன்றாக நடத்திக் களைப்பாக்கிவிட்டு, கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். பூனை அந்தப் பக்கம், விரும்பினால் வரட்டும், தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஐந்து நிமிடம் போதும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே தின்பண்டம்.

குரைப்பதைவிட அசையாமல் நிற்பதற்குத்தான் நான் பயப்படுவேன். வாய் மூடி, உடல் விறைத்து, கண் இமைக்காமல் முறைத்தால், பேசாமல் அங்கிருந்து கூட்டிப் போய்விடுங்கள். திட்ட வேண்டாம். பூனை வந்தாலே திட்டு விழும் என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

இரண்டின் பாஷையும் வேறு. உடம்பைத் தளர்த்தி வாலாட்டும் நாய் பெரும்பாலும் நட்பாக இருக்கிறது. வாலை விளாசும் பூனையோ எரிச்சலில் இருக்கிறது. முன்கால்களைத் தாழ்த்தி நாய் விளையாடக் கூப்பிட்டால், பாயப் போகிறது என்று பூனை நினைக்கலாம். சண்டையில் பூனை மல்லாந்தால் சரணாகதி என்று எண்ணாதீர்கள், நான்கு கால் நகங்களும் தயாராக இருக்கின்றன.

படி 6: ஒரே அறையில்

தடுப்பின் வழியாகப் பல நாள் அமைதியாகப் பார்த்துக்கொண்டபின் தடுப்பை எடுக்கலாம். கயிறு தரையில் இழுபடட்டும். தேவைப்பட்டால் மிதித்து நிறுத்தலாம். பூனை தரையைத் தொடாமல் தப்பிக்க அலமாரி, மேசை என்று ஒரு மேல்வழி இருக்க வேண்டும். பூனை சீறி முன்காலால் ஓர் அடி கொடுத்து, நாய் பின்வாங்கினால் தலையிடாதீர்கள், அது பேச்சுவார்த்தை. ஆனால் நாயின் கண்ணில் கீறல் படலாம் என்பதால் பூனையின் நக நுனியை முன்பே வெட்டிவிடுங்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது பிரித்தே வையுங்கள். குறைந்தது ஒரு மாதமாவது.

பூனையின் சாப்பாட்டை உயரத்தில் வையுங்கள். புரதமும் கொழுப்பும் அதிகம் என்பதால் நாய் ஒரே வாயில் காலி செய்துவிடும். நாய்த் தீனியிலேயே பூனையை வளர்க்கவும் முடியாது. டாரின் என்ற சத்து போதாமல் போனால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். மணல் தட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஏன் என்று விளக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சில ஜோடிக்குச் சில நாள், சிலவற்றுக்குப் பல மாதம். துரத்திப் பிடித்துக் கவ்வ முயலும் நாயை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். பிரித்துவிட்டு, கால்நடை மருத்துவரையோ நல்ல பயிற்சியாளரையோ பாருங்கள். சில நாய்களுக்குப் பூனை ஒத்துவரவே வராது.

எங்கள் வீட்டில் இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்குவதில்லை. பூனை ஜன்னல் திட்டில் படுத்திருக்கும், வால் கீழே தொங்கும். மணி அதன் அடியில் வரும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கடந்து போவான்.