ஐ.ஆர்.ஏ-விலிருந்து நேராக நன்கொடை: பணத்தைக் கையில் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பரின் அப்பா, ஜனவரியிலேயே தன் ஐ.ஆர்.ஏ-விலிருந்து (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) அந்த வருடத்து ஆர்.எம்.டி பணம் (குறிப்பிட்ட வயதுக்குப் பின் வருடாவருடம் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகை) முழுவதையும் எடுத்து வங்கியில் போட்டுவிட்டார். நவம்பரில் அதிலிருந்து 4,000 டாலர் கோயிலுக்குக் கொடுத்தார். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் மொத்தமாக எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவர் என்பதால் வரியில் ஒரு காசும் குறையவில்லை. அதே பணம் ஐ.ஆர்.ஏ-விலிருந்து நேராகக் கோயிலுக்குப் போயிருந்தால், 22 சதவீத வரி அடுக்கில் இருந்த அவருக்கு 880 டாலர் மிச்சம். அந்த நேர்வழிக்குப் பெயர் க்யூ.சி.டி.

1. வயதைப் பாருங்கள். பணம் வெளியேறும் நாளில் எழுபதரை வயது நிரம்பியிருக்க வேண்டும். 1955 மார்ச் 10-இல் பிறந்தவருக்கு 2025 செப்டம்பர் 10. ஆர்.எம்.டி தொடங்கும் 73 வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

2. எந்தக் கணக்கு? சாதாரண ஐ.ஆர்.ஏ போதும். 401கே-யிலிருந்து (வேலை செய்யும் நிறுவனம் வழியாக வரும் ஓய்வுக்காலக் கணக்கு) முடியாது, முதலில் ஐ.ஆர்.ஏ-வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத் ஐ.ஆர்.ஏ-விலிருந்து (வரி கட்டிய பணத்தைப் போடும் ஐ.ஆர்.ஏ) கொடுக்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே வரியில்லாத பணத்தை எதற்கு இப்படிச் செலவழிக்க வேண்டும்? 2025-க்கு உச்சவரம்பு ஆளுக்கு 1,08,000 டாலர். கணவன், மனைவி இருவரும் அவரவர் கணக்கிலிருந்து தனித்தனியே கொடுக்கலாம்.

3. யாருக்கு? நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அறநிறுவனத் தகுதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்தத் தகுதி உள்ள உள்ளூர்க் கோயில், தமிழ்ப் பள்ளி எல்லாம் சரி. சொந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நேராக அனுப்பினால் செல்லாது. டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்கும் (பணத்தை இப்போது போட்டுவிட்டு, எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்லும் நன்கொடைக் கணக்கு) செல்லாது. சந்தேகம் இருந்தால் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ் இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்படியே அமைப்பிடம் அதன் வரி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு உதவும்.

4. கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். க்யூ.சி.டி-க்கென்று தனிப் படிவம் இருக்கும். காசோலை அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. அது உங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தப்பில்லை. வரிப்பிடித்தம் வேண்டாம் என்று குறியுங்கள். ஆர்.எம்.டி எடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் எடுத்துவிட்ட ஆர்.எம்.டி-யைத் திருப்பிப் போட முடியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 31-க்குள் பணம் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், அமைப்பிடமிருந்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். பதிலுக்கு எதுவும் பெறவில்லை என்ற வரி அதில் இருக்க வேண்டும். நன்கொடைக்காக விருந்து டிக்கெட் கிடைத்தால்கூடச் சிக்கல்.

5. வரித் தாக்கல். இந்தப் பணத்தை நன்கொடைக் கழிவாக மறுபடியும் காட்டக் கூடாது. இதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: இது வருமானத்திலேயே சேராது. அதனால் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரீமியம் கூடாமல் இருக்கவும், சோஷியல் செக்யூரிட்டியில் (அரசு ஓய்வூதியம்) வரி விழும் பங்கு குறையவும் வாய்ப்புண்டு.

கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து வரும் 1099-ஆர் படிவத்தில் (அந்த வருடம் வெளியே எடுத்த பணத்தின் விவரம்) மொத்தத் தொகை மட்டும் இருந்து, எவ்வளவு நன்கொடை என்பது இல்லாமல் போகலாம். 12,000 எடுத்து அதில் 4,000 க்யூ.சி.டி என்றால், வருமான வரித் தாக்கலுக்கான 1040 படிவத்தின் 4ஏ வரியில் 12,000, 4பி-யில் 8,000, அத்துடன் க்யூ.சி.டி என்ற அடையாளம். வரி மென்பொருள் இதைக் கேட்கும் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டால், மொத்த 12,000-க்கும் வரி கட்டிவிட்டு வருவீர்கள்.