விண்டோஸ் சர்வர் 2025: மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் புதுப் பதிப்பு வந்தால் எல்லாரும் முதலில் திறப்பது 'புதிதாக என்ன வந்திருக்கிறது' என்ற பட்டியலைத்தான். சர்வர்களுக்கான மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான விண்டோஸ் சர்வர் 2025-இன் பட்டியல் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 2,048 விர்ச்சுவல் பிராசசர், 240 டெராபைட் மெமரி. நம்மில் எத்தனை பேருக்கு அது வேண்டியிருக்கும் என்பது வேறு கதை. ஐம்பது பேர் உட்காரும் அலுவலகத்தில், மாறிய மறுநாள் காலை அட்மினின் போனை ஓயாமல் அடிக்க வைப்பவை இரண்டு: சத்தமில்லாமல் மாறிப்போன டீஃபால்ட் செட்டிங்குகள், யாரும் கவனிக்காமல் போய்விட்ட பழைய வசதிகள். நீக்கப்பட்டவை என்று மைக்ரோசாஃப்ட் தனியே ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

இந்தப் பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. பழைய பதிப்பான 2012 ஆர்2-வுக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. 2016-க்கு 2027 ஜனவரி 12 தான் கெடு. ஆகவே இன்னும் மாறாதவர்கள் வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

அப்கிரேட் தானாக நடக்க விடுவது

வெளியான சில நாட்களிலேயே ஒரு விசித்திரம் நடந்தது. 2022 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் சில, ராத்திரியோடு ராத்திரியாக 2025 ஆகிவிட்டன. 2019, 2022 சர்வர்களுக்கு இந்த அப்கிரேடை, விரும்பினால் மட்டும் போட்டுக்கொள்ளும் அப்டேட்டாக மைக்ரோசாஃப்ட் அனுப்பியிருந்தது. வேறு நிறுவனங்களின் பேட்ச் மேலாண்மைக் கருவிகள் (சர்வர்களுக்கு அப்டேட் போடும் மென்பொருள்கள்) சில அதை வழக்கமான பாதுகாப்பு அப்டேட் என்று எடுத்துக்கொண்டு போட்டுவிட்டன. யார் தவறு என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டன. சர்வர் மாறியது மாறியதுதான். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் நடைமுறை வழி.

உங்கள் பேட்ச் கருவியில் எல்லா அப்டேட்டுக்கும் தானியங்கி ஒப்புதல் போட்டு வைத்திருந்தால், இன்றே அதைப் பிரித்துவிடுங்கள். மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு ஒரு விதி, பதிப்பையே மாற்றும் அப்டேட்டுக்குக் கைமுறை ஒப்புதல் மட்டும்.

லைசென்ஸையும் இங்கேயே சொல்லிவிடலாம். அப்கிரேட் இலவசமாக இறங்கி வந்தது என்பதற்காக லைசென்ஸ் கூடவே வந்துவிடாது. சர்வர் லைசென்ஸ் வாங்குபவர்கள்கூட மறந்துவிடுவது கேல் என்ற பயனர் அணுகல் உரிமத்தை. 2022-க்கு வாங்கிய கேல் 2025 சர்வரை அணுகச் செல்லாது. 2025-க்கு வாங்கியது 2022-க்குச் செல்லும். ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து சர்வரில் நுழைந்து வேலை செய்யும் வசதி) வைத்திருப்பவர்கள் அதன் கேலையும் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்ஜெட் போடும்போதே இதைச் சொல்லாவிட்டால், அப்புறம் கணக்குப் பிரிவிடம் இரண்டாவது முறை போய் நிற்க வேண்டியிருக்கும்.

எஸ்எம்பி சைனிங்: பிழை வந்ததும் சுவிட்சை அணைப்பது

அதிகம் பேரை அடிக்கப்போவது இதுதான். எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை. 2025 சர்வர், வேறொரு கணினியின் ஷேரை (பகிர்ந்து வைத்த ஃபோல்டரை) தேடிப் போகும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்பி சைனிங் கட்டாயம் என்று கேட்கும். பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் எஸ்எம்பி கிளையன்ட் (ஷேரைத் தேடிப் போகும் பக்கம்) செட்டிங்கை எடுத்துப் பார்த்தால், 'ரிக்வயர் செக்யூரிட்டி சிக்னேச்சர்' என்ற வரியில் 'ட்ரூ' என்று இருக்கும். போகிற வருகிற ஒவ்வொரு செய்தியிலும் ஒரு கையொப்பம் இருக்க வேண்டும், வழியில் யாரும் அதை மாற்றிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இடையில் புகுந்து அடுத்தவரின் லாகினைத் தூக்கிக்கொண்டு போகும் ரிலே தாக்குதல்களுக்கு இது நல்ல தடுப்பு.

சரி, சிக்கல் எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரிலிருந்து மூலையில் கிடக்கும் நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டிக்கு, கோப்புகள் போகின்றன. பல வருடங்களுக்கு முன் யாரோ, பாஸ்வேர்டு தொல்லை வேண்டாம் என்று அதில் கெஸ்ட் அணுகலைத் திறந்து வைத்திருக்கிறார். விண்டோஸ் சர்வரில் 2019 பதிப்பிலேயே கெஸ்ட் அணுகல் டீஃபால்டாக மூடப்பட்டுவிட்டது. அப்போது குரூப் பாலிசி என்ற நிர்வாக விதிகளில் ஒரு செட்டிங்கை மாற்றி அதைத் திறந்துகொண்டார்கள், பேக்கப்பும் ஓடியது. 2025-இல் அந்தப் பழைய தந்திரம் மட்டும் போதாது. கையொப்பம் போட ஒரு சாவி வேண்டும், சாவி பாஸ்வேர்டிலிருந்து வருகிறது, கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பேக்கப் விழும். எச்சரிக்கை மின்னஞ்சலை யாரும் படிக்காத அலுவலகமாக இருந்தால், விழுந்தது தெரியவே சில வாரம் ஆகலாம்.

தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு, சைனிங்கை அணைத்துவிடு என்பதுதான். ஒரே வரிக் கட்டளை, வேலையும் நடக்கும். ஒரு பழைய பெட்டிக்காக, அந்த சர்வர் பேசும் எல்லா இணைப்புக்கும் பாதுகாப்பைக் கழற்றுகிறீர்கள் என்பதை மட்டும் அந்தத் தீர்வு சொல்லாது. செய்ய வேண்டியது வேறு: நாஸின் ஃபர்ம்வேரை (அதன் உள்ளே இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள், அதன் எஸ்எம்பி பக்கத்தில் சைனிங்கை இயக்குங்கள், பேக்கப்புக்கென்று ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். பெரும்பாலான நாஸ்களில் அரை மணி நேர வேலை. சைனிங்கே தெரியாத அளவுக்குப் பழைய பெட்டி என்றால், அதில் பேக்கப் வைத்திருப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

எந்தெந்தப் பெட்டிக்குச் சைனிங் தெரியாது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்தப் பதிப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள். எஸ்எம்பி கிளையன்டில் தணிக்கையை இயக்கினால், சைனிங் தெரியாத சர்வர்களை ஈவென்ட் லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும். சோதனை சர்வர் ஒன்றில் இதை ஒரு வாரம் ஓட விடுங்கள்.

கூடவே இன்னொன்று. 2025 ஃபைல் சர்வரில் என்டிஎல்எம் என்ற பழைய லாகின் முறை வழியாகத் தவறான பாஸ்வேர்டு கொடுத்தால், ஒவ்வொரு தவறுக்கும் 2 நொடி தாமதம் வரும். பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்க்கும் ஒருவர் முன்பு வினாடிக்கு 300 பாஸ்வேர்டு வீதம் 5 நிமிடம் முயன்றால் 90,000 முயற்சி. இப்போது அதே 90,000-க்கு 50 மணி நேரம் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முதலில் ஒரு முறை தோற்று, பிறகு சரியான கணக்கில் நுழையும் ஸ்கிரிப்டுகள் எல்லா அலுவலகத்திலும் இரண்டொன்று இருக்கும். அவை திடீரென்று மந்தமாகும். 'புது சர்வர் ஸ்லோ' என்று புகார் வந்தால் ஹார்டுவேரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

டொமைன் கன்ட்ரோலரை மற்ற சர்வர்கள் மாதிரி நடத்துவது

அலுவலகத்தின் பயனர்களும் கணினிகளும் சேர்ந்த கூட்டம் டொமைன்; அவர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். 2012 ஆர்2-விலிருந்து ஒரே தாவலில் 2025-க்குப் போகலாம் என்று விளம்பரம் சொல்கிறது. உண்மைதான், சாதாரண சர்வருக்கு. டொமைன் கன்ட்ரோலருக்கு அதைச் செய்யப் போனால் சுவரில் முட்டுவீர்கள். 2025 டொமைன் கன்ட்ரோலர் உள்ளே வர, டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்பின் வசதிகள் வரை டொமைன் பயன்படுத்தும் என்ற நிலை) குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 டொமைன் கன்ட்ரோலர் ஒன்று இருக்கும்வரை அந்த லெவலை ஏற்ற முடியாது. ஆக, நடுவில் 2016, 2019, 2022-இல் ஏதாவது ஒன்றை நிறுத்தி, பழையதை இறக்கி, லெவலை ஏற்றிய பிறகுதான் 2025.

லெவல் சரியாக இருந்தாலும், இருக்கிற டொமைன் கன்ட்ரோலரின் மேலேயே அப்கிரேட் போடாதீர்கள். புதிதாக ஒன்றை நிறுவி, பொறுப்புகளை மாற்றி, பழையதை வெளியே எடுப்பதே வழக்கமான முறை. இந்த முறை அதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் தரவுத்தளம் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து 8 கிலோபைட் பக்க அளவிலேயே இருந்தது. 2025-இல் அது 32 கிலோபைட் ஆகலாம். மேலேயே அப்கிரேட் செய்த டொமைன் கன்ட்ரோலர் பழைய 8-லேயே தங்கிவிடும், 32-க்கு மாற விரும்பும் நாளில் அதை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

அந்த 32-ஐ உடனே இயக்கும் அவசரமும் வேண்டாம். ஒரு பொருளின் (பயனர், கணினி போன்ற பதிவின்) ஒரு பண்பில் சுமார் 1,200 மதிப்புகள் என்றிருந்த எல்லை 3,200 வரை உயர்கிறது, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களுக்கு அது தேவை. நடுத்தர அலுவலகம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. இயக்கிவிட்டால் திரும்ப முடியாது. அதற்கு முன் எடுத்த டொமைன் கன்ட்ரோலர் பேக்கப்புகளையும், முழு ஃபாரஸ்டையே (டொமைன்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பை) மீட்டெடுத்தால் ஒழிய, பயன்படுத்த முடியாது. இப்படிப்பட்ட பொத்தானை வெள்ளிக்கிழமை மாலையில் அழுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

வெளியான நாளில் இறக்கி வைத்த ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை அப்படியே போட்டு, அப்டேட் செய்யும் முன்பே டொமைன் கன்ட்ரோலர் ஆக்குவதும் பரவலான பழக்கம். இந்தப் பதிப்பில் அது ஆபத்து. 2025-இல் டிஎம்எஸ்ஏ என்ற புதுவகை சர்வீஸ் கணக்கு (மென்பொருள்கள் லாகின் செய்யும் கணக்கு) வந்தது. அதில் இருந்த ஓட்டையை 2025 மே மாதம் அகமாய் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டு 'பேட்சக்சஸர்' என்று பெயர் வைத்தார்கள். ஏதோ ஒரு ஓயூவில் (டொமைனின் கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவில்) புதிய பொருள் உருவாக்கும் உரிமை மட்டும் உள்ள சாதாரணப் பயனர், டொமைன் அட்மினின் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ள முடிந்தது. நாம் அந்த வசதியைப் பயன்படுத்தாவிட்டாலும், டொமைனில் ஒரே ஒரு 2025 கன்ட்ரோலர் இருந்தால் போதும். அவர்கள் பார்த்த அமைப்புகளில் 91 சதவீதத்தில், அட்மின் குழுவுக்கு வெளியே இருப்பவர்களிடம் அந்த உரிமை இருந்தது. ஹெல்ப்டெஸ்க் பையன் கணினிகளைச் சேர்க்கட்டும் என்று எப்போதோ கொடுத்து மறந்த உரிமைதான். 2025 ஆகஸ்ட் அப்டேட்டில் ஓட்டை அடைக்கப்பட்டது. முழுக்க அப்டேட் செய்த பிறகே கன்ட்ரோலர் ஆக்குங்கள், ஓயூ உரிமைகளையும் ஒரு முறை அலசிப் பாருங்கள்.

எல்லா கன்ட்ரோலரையும் ஒரே வாரத்தில் மாற்றாமல் இருப்பதும் நல்லது. 2025 கன்ட்ரோலர்கள் ரீஸ்டார்ட் ஆனதும் டொமைனுக்குரிய ஃபயர்வால் விதிகளை விட்டுவிட்டு சாதாரண விதிகளை ஏற்றிக்கொண்ட பிழை ஒன்று இருந்தது. நெட்வொர்க் அடாப்டரை ஒரு முறை அணைத்து இயக்கினால்தான் சரியாகும். மைக்ரோசாஃப்ட் 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு ஜூனில் சரிசெய்தது. பக்கத்தில் ஒரு 2022 கன்ட்ரோலரை விட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருக்கும்.

போன வசதிகளைத் தேடாமல் விடுவது

ஐஐஎஸ் என்ற வெப் சர்வருடன் வந்துகொண்டிருந்த, மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி சர்வர் போய்விட்டது. மாற்று எதுவும் தரவில்லை. இன்வாய்ஸ் அனுப்பும் பழைய மென்பொருள், ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், யுபிஎஸ் எச்சரிக்கை எல்லாம் பல இடங்களில் அதன் வழியாகத்தான் போகின்றன. அது ஓடுவதே பலருக்கு நினைவிருக்காது. மாறுவதற்கு முன் அந்த சர்வீஸ் இருக்கிறதா, யார் அதோடு பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

என்டிஎல்எம் முதல் பதிப்பு நீக்கப்பட்டது. இணைப்புகளை மறையாக்கும் டிஎல்எஸ்-இன் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் டீஃபால்டாக அணைந்திருக்கும். வேர்ட்பேடும் இல்லை, அதற்காக யாரும் அழப்போவதில்லை.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, லாகின் தகவல்களைத் திருட்டிலிருந்து காக்கும் கிரெடென்ஷியல் கார்டு. தகுதியுள்ள ஹார்டுவேரில் அது தானாகவே இயங்கத் தொடங்குகிறது. கிரெட்எஸ்எஸ்பி என்ற லாகின் முறையில் லைவ் மைக்ரேஷன் (ஓடும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றுவது) செய்துகொண்டிருந்தால் அது நின்றுபோகும். கெர்பரோஸ் டெலிகேஷன் என்ற இன்னொரு லாகின் முறைக்கு மாற்றிக்கொள்வதே சரியான வழி. அப்கிரேடுக்கு முன்பே பழைய சர்வரிலேயே மாற்றிவிடலாம்.

ஹாட்பேட்ச் வந்தால் ரீஸ்டார்டே இல்லை என்று நம்புவது

ஹாட்பேட்ச் என்பது ரீஸ்டார்ட் இல்லாமல் பாதுகாப்பு அப்டேட் போடும் வசதி. ஆனாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் ரீஸ்டார்ட் உண்டு. நடுவில் வரும் எட்டு மாத அப்டேட்டுகளுக்குத்தான் தேவையில்லை. டிரைவர், ஃபர்ம்வேர், டாட்நெட் ஆகியவை இந்தக் கணக்கில் வராது. சொந்த சர்வர் என்றால் மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகச் சேவையான அஷூர் ஆர்க்கில் இணைக்க வேண்டும், 2025 ஜூலை 1 முதல் பிராசசரின் ஒரு கோருக்கு மாதம் 1.50 டாலர் கட்ட வேண்டும். 16 கோர் சர்வருக்கு வருடம் 288 டாலர். இரவில் ரீஸ்டார்ட் செய்ய யாருடைய அனுமதியும் தேவைப்படாத அலுவலகத்துக்கு, இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. நாள் முழுதும் இயங்க வேண்டிய இடங்களுக்குக் கொடுத்த காசுக்குப் பயன் உண்டு. அங்கேயும் அந்த நான்கு மாதங்களின் பராமரிப்பு நேரத்தை நாட்காட்டியிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

அடுத்த பதிப்பின் முன்னோட்டத்தை வேலைக்கு வைப்பது

2025-க்கு அடுத்த பதிப்பின் முன்னோட்டங்கள் இன்சைடர் என்ற முன்கூட்டிச் சோதிக்கும் திட்டத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால், இப்போதைக்கு ஓடட்டும் என்று எதையும் அதில் ஏற்றக் கூடாது. அவற்றை எட்டியே பார்க்காமல் இருப்பதும் தவறுதான். மேலே சொன்ன எஸ்எம்பி மாற்றங்கள் எல்லாம் 2025 வெளியாவதற்கு வெகு முன்பே முன்னோட்டங்களில் வந்து, விளக்கத்தோடு கிடந்தவை. பழைய கணினி ஒன்றில் முன்னோட்டத்தைப் போட்டு, அதிலிருந்து உங்கள் நாஸைத் திறந்து பாருங்கள். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஒரு பக்கத்தை அந்தக் கணினியின் ஷேருக்கு ஸ்கேன் செய்யுங்கள். கணக்கு மென்பொருளை ஒரு முறை ஓட்டுங்கள். எது திறக்கவில்லையோ அதன் விற்பனையாளருக்கு அன்றைக்கே எழுதிவிட்டால், பதிப்பு வெளியாகும்வரை அவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.