நீறு பூத்த பிறகுதான் சாசேஜ்

சித்திரையில் காட்பாடி மொட்டை மாடித் தரை சாயங்காலம் ஆறு மணிக்கும் காலைச் சுடும். அதனால் ஏழரைக்கு மேல்தான் கரி பற்றவைப்பேன். ஆனால் ஹாட் டாக் வேலை முந்தின ராத்திரியே தொடங்கிவிடுகிறது. சிக்கன் சாசேஜை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்து உருக விட்டால் நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும்.

முதல் தடவை நான் ஐஸ் கட்டியாக இருந்ததை அப்படியே கொழுந்துவிட்டு எரிகிற தீயில் போட்டேன். மேல்தோல் கருகி வெடித்தது. அக்கா மகள் ஒரு கடி கடித்துவிட்டு, "மாமா, உள்ளே ஜில்லுனு இருக்கு" என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அதிலிருந்து நெருப்பைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

கரி எங்கள் தெரு இஸ்திரிக்கார அண்ணனிடம் வாங்குவது. "தீ அடங்கட்டும் தம்பி, கங்குதான் வேலை செய்யும்" என்பார். இஸ்திரிப் பெட்டிக்கு மட்டுமல்ல, இதற்கும் அதே கணக்குதான். மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை கறியில் ஏறும். தேங்காய் நார் போதும். கரி முழுக்க நீறு பூக்க 20, 25 நிமிடம் ஆகும். அந்த நேரத்தை வீணாக்காமல் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இரண்டு இடத்தில் கீறித் தணலில் போடுவேன். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். தோல் கருகக் கருக உள்ளே வெண்ணெயாகக் குழையும். உரித்து, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்தால் ஹாட் டாக்குக்குச் சாஸ் தேவையே இல்லை.

இப்போது கங்கை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கம்பி வலைக்கு நாலு விரல் மேலே உள்ளங்கையைப் பிடித்து, நாலு எண்ணும்வரை சூடு தாங்கினால் பதம் சரி.

சாசேஜை ஐந்து நிமிடம் சுடுதண்ணீரில் போட்டு எடுங்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. அப்புறம் துணியால் ஈரம் போகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் சிவக்காது. சிக்கனில் கொழுப்பு குறைவு என்பதால் கடலெண்ணெய் லேசாகத் தடவுவேன். முள்கரண்டியால் குத்தாதீர்கள், சாறு கரியில் ஒழுகித் தீ எழும்பும். கங்கு இல்லாத பக்கம் நாலைந்து நிமிடம் உருட்டி உருட்டிச் சூடேற்றி, கடைசி ஒரு நிமிடம் மட்டும் கங்குக்கு மேல். தோல் விம்மிப் பளபளக்கும், எண்ணெய் மெல்லச் சீறும். அப்போதே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பாக்கெட்டில் பச்சை சாசேஜ் என்று போட்டிருந்தால் இந்த நேரம் போதாது, நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

நீள பன் வேண்டுமென்று பேக்கரியில் முதல் நாளே சொல்லி வையுங்கள். பிளந்து வெண்ணெய் தடவி, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி கம்பியில் வையுங்கள். அரை நிமிடத்தில் கருகிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.